மகன் தம்பி, மருமகன் தம்பிரான்

தக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கொட்டாரத்துக்கு வழி கேட்டேன். சாயாக்கடைக்காரர் சட்டியில் கிடந்த வடையைத் திருப்பிப் போட்டபடியே, "நடந்தே போயிரலாம் தம்பி, பக்கந்தான்" என்றார். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தலை நரைத்தவனையும் தம்பி என்று கூப்பிட்டு வழி சொல்லும் ஊர் இது. அவர் அந்தச் சொல்லைப் போகிற போக்கில் சொன்னார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இதே கோட்டைக்குள் ஒருவனைப் பெயரோடு சேர்த்துத் தம்பி என்று அழைத்திருந்தால் அவன் ராஜாவின் மகன் என்று பொருள். அன்றைக்கு ஊருக்குக் கல்குளம் என்று பெயர். பத்மநாபபுரம் என்பது பிறகு வந்தது.

ராஜாவின் மகன்தான், ஆனால் இளவரசன் கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மிகப் பழைய பட்டங்களில் ஒன்று அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிறந்தது.

வேணாட்டிலும், அது வளர்ந்து உண்டான திருவிதாங்கூரிலும் சிம்மாசனம் தாய்வழி. அரசனுக்குப் பின் அவனுடைய மகன் வரமாட்டான். உடன்பிறந்தாள் மகன் வருவான். ஆற்றிங்கல் ராணிகள் என்று அறியப்பட்ட பெண்களின் வயிற்றில் பிறந்தவர்களே அரசர்கள். அரசன் புடவை கொடுத்துக் கட்டிக்கொண்ட பெண் ராணி ஆவதில்லை, அவள் 'அம்மச்சி'. அவள் பெற்ற ஆண்பிள்ளை 'தம்பி', பெண்பிள்ளை 'தங்கச்சி'. அரசனின் சகோதரி மகனோ 'தம்பிரான்', மலையாள வாயில் 'தம்புரான்'. மொழியறிஞர்கள் தம்பிரானைத் தம் பிரான் என்று பிரிப்பார்கள். அது தம்பியிலிருந்து பிறந்த சொல் இல்லை. ஆனாலும் ஓலையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் இரண்டே எழுத்துதான் வித்தியாசம். அந்த 'ரான்' கிடைக்காததால் நாகர்கோவிலில் ஒருமுறை ரத்தம் சிந்தியிருக்கிறது.

பெற்ற மகனுக்கு ஏன் 'தம்பி' என்று பட்டம்? என் ஊகத்தைச் சொல்கிறேன். தாய்வழிக் குடும்பத்தில் அரசனின் வாரிசு மருமகன். அவன்தான் வீட்டின் மூத்த பிள்ளை போல. அம்மச்சி பெற்றவன் அந்த மூத்தவனுக்கு எந்தக் காலத்திலும் இளையவனாக நிற்க வேண்டியவன். 'மகன்' என்று ஊரறியச் சொன்னால் அந்தச் சொல்லுக்கே ஒரு உரிமை வந்துவிடும். 'தம்பி' என்றால் பாசமும் இருக்கிறது, எல்லையும் இருக்கிறது. சொல்லில் வேலி கட்டத் தெரிந்தவர்கள்.

இந்த அரண்மனைக்குள் உறவுச்சொற்கள் எப்படிப் பட்டங்களாயின என்று யோசித்தால் வியப்பாக இருக்கிறது. தம்பி, தங்கச்சி, அம்மச்சி. அதிகாரம் படைத்த மாடம்பிகளும் ஊர்ப் பெரியவர்களும் 'பிள்ளை'. பத்மநாபபுரம் அரண்மனையின் மிகப் பழைய கட்டுக்குக்கூட 'தாய்க் கொட்டாரம்' என்றுதான் பெயர். கீழே பலா மரத் தூண், சிறிய அறைகள், தலை குனிந்து நுழைய வேண்டிய வாசல். உச்சியில் இருக்கிற ராஜா தன்னை என்ன சொல்லிக்கொண்டார்? 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாபசாமிக்கு எழுதிவைத்தார். அதன் பிறகு அரசரின் பட்டம் 'பத்மநாபதாசன்', அதாவது அடிமை. அடிமை ஆளுகிறான், தம்பி கைகட்டி நிற்கிறான்.

அங்கே வாள், இங்கே உறவு

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கத்திய பிரபுப் பட்டங்களைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் பாளையத்து வாடைதான் அடிக்கும். 'ட்யூக்' என்றால் லத்தீனில் படையை நடத்திச் செல்பவன். 'மார்க்விஸ்' எல்லைக் காவலன். 'ஏர்ல்' டேனிஷ்காரர்களின் 'யார்ல்' என்ற சொல்லோடு சேர்ந்து பதினோராம் நூற்றாண்டில் கனூட் அரசன் காலத்தில் வேரூன்றியது. மாகாணத்தை ஆண்ட தலைவன் என்று பொருள். 'விஸ்கவுண்ட்' துணை நிர்வாகி. 'பாரன்' என்றால் வெறும் ஆள், அரசனுடைய ஆள். 1066-இல் நார்மண்டிக்காரர்கள் வந்து நாட்டைப் பிடித்தார்கள். அவர்கள் பாஷையில் ஏர்லுக்குச் சமமானவர் 'கவுண்ட்'. ஆனால் ஊர்க்காரர்கள் ஏர்லை விடவில்லை. மனைவிக்கு மட்டும் பழைய பாஷையில் சொல் இல்லாததால் 'கவுண்டஸ்' ஆக்கிக்கொண்டார்கள். இன்றைக்கும் ஏர்லின் மனைவி கவுண்டஸ்தான். புருஷனுக்கு ஒரு பாஷை, பெண்டாட்டிக்கு ஒரு பாஷை. நாஞ்சில் நாட்டுக்காரன் இதைக் கேட்டால் சிரிக்கமாட்டான், அவன் வீட்டிலும் தமிழும் மலையாளமும் ஒரே அடுக்களையில்தான் புழங்கின.

அங்கே ராஜா மகனுக்கு என்ன கிடைத்தது? 1337-இல் மூன்றாம் எட்வர்ட் தன் மூத்த மகனுக்குக் கார்ன்வால் ட்யூக் என்ற பட்டத்தைக் கொடுத்தான். இங்கிலாந்தில் முதல் ட்யூக் அந்தப் பையன்தான், வயது ஆறு. பட்டத்தோடு நிலமும் வருமானமும் போயின. இன்று வரைக்கும் அரியணையின் வாரிசான மூத்த மகனுக்கே அந்தப் பட்டம். இப்போது வில்லியமிடம் இருக்கிறது. அங்கே மகனுக்குத் தரப்படும் பட்டம் அரியணைக்கு முன்பணம். இங்கே அது அரியணைக்குப் பதிலாகத் தரப்பட்டது.

ஆனால் அங்கேயும் எல்லா ராஜா மகன்களும் சுகமாக இருந்துவிடவில்லை. முதலாம் எட்வர்டின் கடைசி மகன் எட்மண்ட். 1321-இல் அவனைக் கென்ட் ஏர்ல் ஆக்கினார்கள். அண்ணன் இரண்டாம் எட்வர்டை 1327-இல் அரியணையிலிருந்து இறக்கிவிட்டார்கள். செத்தும் போனான் என்றார்கள். எட்மண்டுக்கு நம்பிக்கை வரவில்லை. அண்ணன் எங்கோ உயிரோடு சிறையில் இருக்கிறான், மீட்க வேண்டும் என்று ஏற்பாடு செய்யப்போய் மாட்டிக்கொண்டான். 1330 மார்ச் 19, வின்செஸ்டர். தலையை வெட்ட வேண்டியவன் ஓடிவிட்டான். ராஜா மகன் கழுத்தில் கோடாலி வைக்க வேறு ஆளும் வரவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை எட்மண்ட் கோட்டை வாசலில் சாவுக்காகக் காத்து நின்றான். கடைசியில் மரண தண்டனை பெற்ற ஒரு கைதி, தனக்கு மன்னிப்புக் கிடைக்கும் என்றால் வெட்டுகிறேன் என்று வந்தான்.

எட்மண்டின் ஆண்மக்கள் இருவரும் வாரிசில்லாமல் இறந்தார்கள். 1352-இல் கென்ட் பட்டம் மகள் ஜோனிடம் வந்தது. அவள் 1361-இல் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டது அந்த முதல் ட்யூக்கை, ஆறு வயதில் பட்டம் வாங்கிய எட்வர்டை. அவர்களுடைய மகன் இரண்டாம் ரிச்சர்ட் என்று அரசனானான். முதல் கணவனுக்குப் பிறந்த மகன் கென்ட் ஏர்ல் ஆனான். ஒரு தாய், இரண்டு மகன்கள், இரண்டு பட்டங்கள். ஆண்வழி ஆண்வழி என்று மார்தட்டிய நாட்டிலும் ஆள் தீர்ந்துபோனால் பெண் வயிற்றைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம்

எட்மண்ட் செத்து ஏறத்தாழ நானூறு வருஷம் கழித்து நாகர்கோவிலில் நடந்ததற்கு வருவோம்.

1729-இல் வேணாட்டு அரசர் ராமவர்மா இறந்தார். மருமகன் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தார். ராமவர்மாவுக்கு இரண்டு மகன்கள்: பப்புத் தம்பி, ராமன் தம்பி. வில்லுப்பாட்டில் இவர்கள் வலிய தம்பி, குஞ்சுத் தம்பி. இவர்களுக்கு உம்மிணித் தங்கை என்று ஒரு தங்கை. அம்மா அபிராமி சுசீந்திரம் கோயிலுக்குக் கும்பிட வந்த வெளியூர்ப் பெண் என்றும், அங்கே அரசன் கண்ணில் பட்டாள் என்றும் வழிவழியாகச் சொல்வார்கள்.

அண்ணன் தம்பி இருவரும் அரியணைக்கு உரிமை கேட்டார்கள். மலையாளக் கண்ணால் பார்த்தால் இது துரோகம். ஆனால் அரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி இரண்டு மைல் கிழக்கே போய் நின்று பாருங்கள். அங்கே பாண்டிச் சீமை, நாயக்கர் ஆட்சி. அப்பன் சொத்து மகனுக்கு, அப்பன் நாடு மகனுக்கு. அம்மா கிழக்கத்திக்காரி என்றால் பிள்ளைகளின் காதில் சிறுவயதிலிருந்து எந்த நியாயம் விழுந்திருக்கும்? ஒரே மலையின் இரண்டு சரிவில் இரண்டு சட்டம். தம்பிமார் உதவி கேட்டுப் போன திசையும் கிழக்குதான். திருச்சிராப்பள்ளி வரை போய் முறையிட்டதாகவும், அழகப்ப முதலியார் என்பவர் படையோடு வந்ததாகவும், பேச்சும் பணமுமாகச் சேர்ந்து அந்தப் படையைத் திருப்பி அனுப்பியதாகவும் 1878-இல் திருவிதாங்கூர் வரலாறு எழுதிய சங்குண்ணி மேனன் விவரிக்கிறார். தம்பிமாரோடு எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற மாடம்பிகளும் சேர்ந்து நின்றார்கள். முடிவு எல்லோருக்கும் தெரிந்ததே. நாகர்கோவில் அரண்மனையில் தம்பிமார் இருவரும் கொல்லப்பட்டார்கள். பிள்ளைமார் தூக்கில் தொங்கினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களைக் கடற்கரையில் கைமாற்றிவிட்டார்கள் என்று பழைய வரலாறுகளே எழுதுகின்றன.

வில்லடிக்கிறவர் இதை இப்படிப் பாடமாட்டார். தம்பிமார் கதையில் குற்றவாளி வேறு ஆள். ராஜா மார்த்தாண்ட வர்மா தம்பிமாரின் தங்கையைப் பெண் கேட்கிறார், அண்ணன்மார், அவள் வயிற்றில் பிறப்பவனுக்குப் பட்டம் உண்டா என்று கேட்கிறார்கள், கேட்டதுதான் தப்பு. பேசத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பிப் போன இடத்தில் கொலை. தங்கை தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள். அநியாயமாகச் செத்தவர்கள் இந்த மண்ணில் சும்மா போவதில்லை, பீடம் கேட்பார்கள். கொடை கொடுக்க வேண்டும், கதை பாட வேண்டும். இந்த ஊரின் வரலாற்றில் பாதி அரண்மனை ஓலைச் சுருணையில் இருக்கிறது, பாதி வில்லுப்பாட்டில் இருக்கிறது; இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது.

1891-இல் சி.வி. ராமன்பிள்ளை 'மார்த்தாண்ட வர்மா' நாவலை வெளியிட்டார். மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல். அதில் தம்பி வில்லன். ஒரே ஆள், படித்தவன் புத்தகத்தில் வில்லன், படிக்காதவன் பாட்டில் சாமி. நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், மார்த்தாண்ட வர்மா இல்லாமல் 1741 குளச்சலில் டச்சுக்காரனை மடக்கியிருக்க முடியாது என்பேன். ஆனால் ராத்திரி வில்லுப்பாட்டில் குடம் அடிக்கும்போது தம்பிமார் பக்கம்தான் மனசு போகிறது.

நான்கு வீடுகள்

கொலைக்குப் பிறகு தம்பி என்ற பட்டம் ஒழிந்துவிடவில்லை. அதற்கு இன்னும் கூடுதல் ஒழுங்கு வந்தது. மார்த்தாண்ட வர்மாவுக்குப் பின் 1758-இல் பட்டமேறிய தர்மராஜா கார்த்திகைத் திருநாள் ராமவர்மா நான்கு குடும்பங்களில் பெண்ணெடுத்தார். வடசேரி, நாகர்கோவில், அருமனை, திருவட்டாறு. நான்கும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்கள்தான். 1795 வாக்கில் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது. அம்மச்சிகளுக்கும் அங்கே வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஊர் மாறியது, பெயர் மாறவில்லை: வடசேரி அம்மவீடு, நாகர்கோவில் அம்மவீடு, அருமனை அம்மவீடு, திருவட்டாறு அம்மவீடு. அதற்குப் பின் ராஜா வேறு குடும்பத்துப் பெண்ணை விரும்பினாலும், இந்த நான்கில் ஒன்றில் அவளைத் தத்தெடுத்த பிறகே கல்யாணம் என்பது வழக்கமாயிற்று.

அம்மச்சிக்கு மரியாதை இருந்தது, வீடு இருந்தது, மானியம் இருந்தது. ராஜாவோடு ஊரறிய ஒரே வண்டியில் போவதற்கு மட்டும் உரிமை கிடையாது. இங்கிலாந்திலிருந்து வந்த துரைமார் தங்கள் ஊர்க் கணக்கில் 'ராணி எங்கே?' என்று கேட்டு விழித்திருக்கிறார்கள். ராஜாவின் மனைவி வேறு ஆள், ராணி வேறு ஆள் என்பது அவர்களுக்குப் பிடிபடவே நாளாயிற்று.

இந்தப் பட்டம் எப்படி இறங்கியது என்பதும் சுவாரசியமானது. தம்பியின் மகனுக்குத் தம்பிப் பட்டம் போகாது. அவன் தன் அம்மா வீட்டுப் பிள்ளை. தங்கச்சி பெற்ற மகன்தான் தம்பி, மகள்தான் தங்கச்சி. இரயிம்மன் தம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். தர்மராஜாவுடன் பிறந்த இளையவரின் மகள் பார்வதிப் பிள்ளைத் தங்கச்சி. அவள் மகன் இரயிம்மன். 1813-இல் அரண்மனையில் சுவாதித் திருநாள் பிறந்தபோது 'ஓமனத்திங்கள் கிடாவோ' என்ற தாலாட்டை எழுதியது இவர்தான். இரண்டு நூற்றாண்டு கழிந்தும் மலையாளத் தாய்மார் அதைத்தான் பாடுகிறார்கள். தாலாட்டியவர் தம்பி, தொட்டிலில் கிடந்தது தம்பிரான். அந்தக் குழந்தை வளர்ந்து ராஜாவாகி, கீர்த்தனைகள் எழுதி, திருவட்டாறு அம்மவீட்டில் பெண்ணெடுத்தது. அந்தக் கல்யாணத்தில் பிறந்த ஆண்பிள்ளை மறுபடி ஒரு தம்பி. சங்கீத உலகம் முழுக்கத் தெரிந்த சுவாதித் திருநாளுக்கு ஒரு மகன் இருந்தார் என்பது எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? வாரிசல்லாத மகனை வரலாறு குறித்து வைத்துக்கொள்வதில்லை.

தலைக்குளத்துக்காரர்

தெரியாமல் போகாத ஒரே தம்பி, தலைக்குளத்து வேலாயுதன். இரணியல் பக்கம் தலைக்குளம் வலியவீட்டில் 1765-இல் பிறந்தவர். அப்பா பிள்ளை, அம்மா வள்ளியம்மைத் தங்கச்சி, ஆகவே மகன் தம்பி. முழுப்பெயரைச் சொல்வதற்கு மூச்சு வேண்டும்: 'இடப்பிரபு' என்று தொடங்கி, 'செண்பகராமன்' வழியாக வந்து 'வேலாயுதன்' என்று முடியும் நீளமான வரிசை. நாம் சுருக்கி வேலுத்தம்பி என்கிறோம். காரியக்காரராக, அதாவது தாசில்தாராக, இருந்தவர்.

1798-இல் பதினாறு வயதுப் பாலராம வர்மா பட்டத்துக்கு வந்தார். ஜயந்தன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்துத் தரகன் என்ற மூன்று பேர் கையில் சர்க்கார் சிக்கியது. கஜானா காலி, ஊர் ஊராகப் பெரியவர்களைக் கூப்பிட்டு இவ்வளவு கட்டு என்று மிரட்டினார்கள். வேலுத்தம்பிக்கும் ஒரு தொகை விதித்தார்கள். கட்டுகிறேன், மூன்று நாள் தவணை கொடுங்கள் என்று சொல்லி ஊருக்கு வந்தவர், பணத்துக்குப் பதில் ஜனத்தைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போனார். நாஞ்சில் நாட்டிலிருந்தும் கூட்டம் சேர்ந்து நடந்தது. நம்பூதிரியை நாடு கடத்தினார்கள். மற்ற இருவருக்கும் காது போயிற்று. சில வருஷத்தில் வேலுத்தம்பி தளவாய்.

தளவாய் என்றால் படைத்தலைவன், ட்யூக்கின் லத்தீன் அர்த்தத்துக்கு நேர் நிற்கும் ஒரே பட்டம் இங்கே இதுதான். நாயக்கர் காலத்துச் சொல், கிழக்கேயிருந்து வந்தது. ஏர்வாடிக்காரர் ராமய்யன் இந்தப் பட்டத்தோடுதான் மார்த்தாண்ட வர்மாவுக்கு வலது கையாக இருந்தார். விளவங்கோடு வட்டத்துக் குன்னத்தூர்க்காரர் கேசவபிள்ளை வந்தபோது அது 'திவான்' ஆனது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அவருக்கு 'ராஜா' பட்டமும் சூட்ட, ராஜா கேசவதாஸ் ஆனார். வேலுத்தம்பியோ பழைய தளவாயே போதும் என்று இருந்துவிட்டார். தன் ராஜாவின் அரண்மனைச் சொல் போதும் என்ற வீம்பு அதில் இருந்திருக்கலாம்.

1805 உடன்படிக்கைப்படி கம்பெனிக்கு வருஷம் எட்டு லட்சம் ரூபாய் கப்பம். கட்ட முடியவில்லை. ரெசிடென்ட் மெக்காலே நெருக்கினார். 1809 ஜனவரி 11-இல் குண்டறையில் பிரகடனம் எழுதி ஜனத்தை எழுப்பினார் தளவாய். பிப்ரவரி 10-இல் கம்பெனிப் படை அரல்வாய்மொழிக் கோட்டையைப் பிடித்தது. தம்பிமார் உதவி கேட்டுப் போன அதே கணவாய் வழியாக, எண்பது வருஷம் கழித்து எதிரி வந்தான். மார்ச்சில் மண்ணடிக் கோயிலில் வேலுத்தம்பி உயிரை விட்டார். செத்த உடலைக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். தலைக்குளத்து வீட்டை இடித்து அந்த இடத்தில் வாழையும் ஆமணக்கும் நட்டதாகப் பழைய வரலாறுகள் சொல்லுகின்றன. அந்தக் காரியங்கள் நடந்த காலத்தில் திவானாக இருந்தவர் உம்மிணித் தம்பி. அவரும் தம்பி.

வேலுத்தம்பி நல்லவரா என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. கடுமையான ஆள், காது வெட்டியதை நினைத்துப் பாருங்கள். ஆனால் திருவிதாங்கூரில் ராஜா பெயரில் ஆணை போட்டு, ராஜாவே ஒதுங்கி நிற்க, நாட்டை உண்மையில் ஆண்ட ஒரு தம்பி உண்டென்றால் அது அவர்தான். இன்று திருவனந்தபுரம் செக்ரட்டேரியட் முன்னால் வாளோடு நிற்கிறார்.

அவர் பெயரிலிருந்த 'செண்பகராமன்' தனிப் பட்டம். ராஜா ஒருவருக்கு அதைச் சூட்டினால் யானை மேல் ஏற்றித் தலைநகரின் நான்கு வீதியும் சுற்றிவரச் செய்வார்கள். குடும்பத்துக்குப் பரம்பரையாக நிலைக்கும். காலப்போக்கில் மக்கள் பட்டத்தையே பிள்ளைக்குப் பெயராக வைக்கத் தொடங்கினார்கள். 1891-இல் திருவனந்தபுரத்தில் ஒரு நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீட்டில் பிறந்த குழந்தைக்குச் செண்பகராமன் என்று பெயர். ஜெய்ஹிந்த் செண்பகராமன் பிள்ளை என்று ஊரறிந்தவர். பள்ளிப் பருவத்தில் அவரை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனவர் வால்டர் ஸ்ட்ரிக்லண்ட் என்ற வெள்ளைக்காரர், பாரனெட் குடும்பம். பாரனெட் என்பது 1611-இல் ஜேம்ஸ் அரசன் உண்டாக்கிய பட்டம். அயர்லாந்தில் படை வைக்கப் பணம் வேண்டும் என்று 1095 பவுண்டுக்கு விற்றான். அந்தப் பரம்பரைப் பட்டம் கையில் வந்த பிறகும் ஸ்ட்ரிக்லண்டுக்குத் தன் நாட்டின் மேல் வெறுப்புத்தான்; கடைசியில் பிரிட்டிஷ் குடியுரிமையையே விட்டுவிட்டார். விலை கொடுத்து வாங்கிய பட்டத்தின் வாரிசும் யானை மேல் வலம் வந்த பட்டத்தின் பெயர் தாங்கிய பையனும் சேர்ந்து கப்பல் ஏறியிருக்கிறார்கள்.

உகந்துடைமை

அரண்மனையில் நடந்தது நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீட்டிலும் சின்ன அளவில் நடந்தது. அவர்களும் மருமக்கள்வழி. குடும்பத் தலைவரான காரணவர் சம்பாதித்தது தங்கை மகனுக்கு. பெற்ற பிள்ளைக்கும் மனைவிக்கும் 'உகந்துடைமை' என்று ஒரு பங்கு, உகந்து கொடுத்தால் கிடைப்பது. எவ்வளவு அழகான சொல், எவ்வளவு கண்ணீர் அதற்குப் பின்னால்! பெற்ற மகனும் மருமகனும் கோர்ட்டு வராந்தாவில் எதிரெதிரே உட்கார்ந்து வயதானார்கள். தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்தக் கூத்தையெல்லாம் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று சிரிக்கச் சிரிக்க எழுதினார். சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய் அழுதிருப்பார்கள். 1926-இல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்து மக்கள்வழிக்குக் கதவு திறந்தது. தம்பிமார் கத்தியால் கேட்டதை ஒரு சட்டசபை காகிதத்தில் கொடுத்தது, இருநூறு வருஷம் கழித்து.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1950-இல் அரசியலமைப்பின் பதினெட்டாம் உறுப்பு, அரசு இனிப் பட்டம் கொடுக்கக் கூடாது என்றது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அம்மவீடுகளின் ஊர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன, வீடுகள் கேரளத்தில் நின்றுவிட்டன. பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், பராமரிப்பது கேரள அரசு. அந்தப் பக்கத்தில் தம்பி இன்றும் பெயரின் வாலாக இருக்கிறது. மலையாளத் திரைப்பாட்டு கேட்பவர்களுக்கு ஸ்ரீகுமாரன் தம்பி தெரியாமல் இருக்காது. இந்தப் பக்கத்தில் அது எல்லோருக்கும் பொதுவான பழைய தம்பியாகிவிட்டது. அதே ஐம்பதுகளில்தான் அண்ணாதுரை வாராவாரம் 'தம்பி' என்று விளித்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அந்தத் தம்பிகளுக்கு நாடே கிடைத்தது.

முடிசூடும் பெருமாள்

பட்டத்தைப் பற்றி எழுதிவிட்டுப் பட்டம் மறுக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதாமல் போனால் கணக்குத் தீராது. வேலுத்தம்பி செத்த அதே 1809 மார்ச்சில், கன்னியாகுமரியிலிருந்து சற்றுத் தள்ளி இன்று சாமித்தோப்பு என்று சொல்லும் ஊரில் ஒரு நாடார் குடிசையில் பிள்ளை பிறந்தது. பெற்றோர் ஆசையாக 'முடிசூடும் பெருமாள்' என்று பெயர் வைத்தார்கள். ராஜாவின் பட்டம் 'குலசேகரப் பெருமாள்'. முடிசூடுவதும் அவருக்கு மட்டும் உரியது. தாழ்ந்த சாதியில் பிறந்ததற்கு இந்தப் பெயரா என்று மேல்சாதிக்காரர்கள் கொதித்தார்கள் என்றும், பயந்துபோய்ப் பெற்றோர் முத்துக்குட்டி என்று மாற்றினார்கள் என்றும் அய்யாவழி மக்கள் சொல்கிறார்கள். அன்றைய நாடார்களுக்கு முட்டுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, தலையில் துண்டு கட்டக் கூடாது, பெயரும் பெரிதாக இருக்கக் கூடாது.

அந்த முத்துக்குட்டிதான் அய்யாவழியை உண்டாக்கிய வைகுண்டர். சுவாதித் திருநாள் காலத்தில் அவரைப் பிடித்துப்போய்த் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தார்கள், திரும்பி வந்தார். அவரிடம் வந்தவர்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். ஒருவனுக்கோ நான்கு வீட்டுக்கோ இல்லை, வந்த அத்தனை ஆண்களுக்கும். அவருக்கு ஜனங்கள் கொடுத்த பட்டமும் உறவுச்சொல்தான்: அய்யா. எந்த அரண்மனையும் சூட்டாதது, எந்த வழியிலும் இறங்காதது.

பத்மநாபபுரத்திலிருந்து திரும்பும் வழியில் சாமித்தோப்புக்குப் போனேன். சட்டையைக் கழற்றி, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் சுற்றினேன்; எனக்குக் கட்டிப் பழக்கமில்லை, ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர், "இப்படியில்ல மக்ளே, குனி" என்று துண்டைப் பிடுங்கி இறுக்கிக் கட்டிவிட்டார். உள்ளே கருவறையில் சிலை கிடையாது, நிலைக்கண்ணாடிதான். அதில் நானும் அவரும் தலைப்பாகையோடு தெரிந்தோம். "அய்யா உண்டு" என்றார் கிழவர், கண்ணாடியைப் பார்த்து.